பெயர் போடாத மூன்று ரெக்கார்டு நோட்டுகள்

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், எனக்குச் சொந்தமில்லாத மூன்று நோட்டுகளை ஆட்டோவில் விட்டுவிட்டு இறங்கினேன். அவற்றுக்குச் சொந்தக்காரிக்கு அடுத்த வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. நோட்டு இல்லாமல் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் அவள் இரண்டு வருடம் பட்ட பாடு அத்தனையும் வீண். அந்த ஐந்து நாட்கள் நான் இருந்த நிலையையும், புனித அந்தோனியார் செய்த உதவியையும் உங்களுக்கு எழுதுவதாக நேர்ந்துகொண்டேன். நேர்ச்சையைத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்காது. ஆகவே எழுதுகிறேன்.

நம் கோயில் பங்கில் பலருக்கு என்னைத் தெரியும். பூசை தொடங்குமுன் செருப்புகளை வரிசையாக விடச் சொல்லுகிற பெண்மணி நான்தான். அரசாங்கத்தில் தேர்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எந்தப் படிவத்தை எந்த நிற மையில் நிரப்ப வேண்டும், எந்த இடத்தில் யார் கையெழுத்து வேண்டும், எது இல்லையென்றால் எது திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டவர்களுக்குச் சொல்லுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன்.

அந்தோனியார் பக்தி எனக்கு அதுவரை கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவருடைய சுரூபத்துக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால், காணாமற்போன பொருள்களுக்கான கவுண்டர் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தலைமை அலுவலகம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும்போது கிளை அலுவலகத்தில் எதற்குக் கால்கடுக்க நிற்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சிலரிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்கவும்.

நோட்டுகளுக்குச் சொந்தக்காரியின் பெயர் அமலி. பெசன்ட் நகர்க் கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்தைச் சேர்ந்தவள், முப்பத்தாறு வயது. காலையில் மீன் விற்கிறாள். மதியத்துக்கு மேல் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிறாள். அந்தக் கூடத்து டாக்டரம்மா ஒருநாள் போகிறபோக்கில், பிளஸ் டூ அறிவியல் பாஸ் செய்திருந்தால் உன்னை டெக்னீஷியன் படிப்புக்கு நானே அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்திருப்பார். அமலி மறக்கவில்லை. பத்தாவதோடு நின்றவள், மறுவாரமே திறந்தநிலைப் பள்ளியில் சேர எங்கே போக வேண்டும் என்று விசாரித்துவிட்டாள்.

நான் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவள். ஒருநாள் அவளுடைய ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் மூடியில் மார்க்கர் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. விலைப் பட்டியல் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். தனி ஊசலின் அலைவு நேரத்துக்கான சூத்திரம். மூடியைத் திருப்பினால் உட்பக்கம் முழுக்க அயனிகளின் பெயர்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் உயிரியல் குறிப்புகள், தண்ணீர் தெறிக்காதபடி நூலால் கட்டித் தொங்கின.

"இன்னா ஆபீசரம்மா, சங்கரா பாக்க வந்துட்டு சூத்திரம் பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்றாள்.

அன்றிலிருந்து அவளுடைய படிவங்களை நிரப்பிக் கொடுக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

தி.நகரில் ஒரு மையத்தில் சனி, ஞாயிறுகளில் அவளுக்குச் செய்முறை வகுப்பு. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் முதல் தடவை அமோனியா வந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் குழாயை இன்னும் கிட்டே கொண்டுபோய், "இது திருக்கை வாசனை சார். ரெண்டு நாள் வெச்சா இப்டித்தான் வரும்" என்று சொல்லியிருக்கிறாள். வாத்தியார் சிரித்துவிட்டு, பிறகு யோசித்து, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டாராம். திருக்கை மீனின் உடம்பில் யூரியா இருக்கிறது, அது கெட்டால் அமோனியா வரும் என்று வகுப்புக்கே விளக்கினாராம்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று ரெக்கார்டு நோட்டுகள். வாடிக்கைக்காரர் வராத நேரத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு எழுதுவாள். உயிரியல் படங்களைப் பார்த்தால் நம்ப முடியாது. தவளையின் இதயமும் இலையின் குறுக்குவெட்டும் அச்சில் ஏற்றியதுபோல இருக்கும். கத்தி பிடித்துப் பழகிய கையில் பென்சில் நடுங்குவதில்லை. எழுதுமுன் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுவாள். ஆனாலும் மூன்று நோட்டுகளிலும் மீன் வாசனை ஏறிப்போயிருந்தது.

எல்லாம் எழுதி முடித்து, வாத்தியார்கள் ஒவ்வொரு சோதனைக்குக் கீழும் கையெழுத்துப் போட்ட பிறகு, நான் நடுவில் புகுந்தேன். இரண்டு ஆணைகள் பிறப்பித்தேன். ஒன்று, நோட்டுகளின் மேல் பெயர் இருக்கக் கூடாது, பதிவெண் மட்டும்தான் இருக்க வேண்டும். தேர்வாளருக்கு ஆள் யாரென்று தெரிந்தால் பாரபட்சம் வரும். இரண்டு, வாசனை போக வேண்டும். தேர்வாளர் மூக்கைப் பிடித்தால் மதிப்பெண்ணும் சேர்ந்து குறையும்.

அமலி தயங்கினாள். "பேர் இல்லாம எப்டி ஆபீசரம்மா? கரையில மீன் கூடைக்கே பேர் எழுதித்தான வெக்கறோம்."

விதி அப்படித்தான் என்று சொன்னேன். என் முன்னாலேயே பெயர்ச்சீட்டுகளைத் தண்ணீர் தொட்டு உரித்தாள். பெயரும் கையெழுத்தும் இருந்த சான்றிதழ்ப் பக்கங்களை, கசங்கிவிடும் என்று நானே பிரித்து எடுத்து என் வீட்டுக் கோப்பில் பத்திரப்படுத்தினேன். தேர்வாளர் மதிப்பெண் போட்ட பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குத் தெரிந்த பைண்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுத்து நூல் போட்டுத் தைத்து, காக்கி அட்டை போட்டு, பதிவெண்ணை மட்டும் ஒட்டி வாங்கினேன். துணிப்பையில் வைத்து, நான்கு அந்துருண்டைகளையும் உள்ளே போட்டேன்.

ஆட்டோவில் திரும்பினேன். அடையாறுக்கு வந்து, என் தெருவுக்குப் பக்கத்தில், டிரைவர் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் திருப்பினார். நான் ஆட்சேபித்தேன். "அஞ்சே வூடு மேடம். ஊரே இப்டித்தான் போய்க்கினு கீது" என்றார். ஊர் போகட்டும், நான் வரமாட்டேன் என்று சொல்லி, மோட்டார் வாகனச் சட்டத்தைப் பற்றியும் இரண்டு வாக்கியம் எடுத்துரைத்து, அங்கேயே இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். வென்றுவிட்ட மிடுக்கு. வீட்டு வாசலில் சாவியை எடுக்கும்போதுதான் மற்றக் கை காலியாக இருப்பது தெரிந்தது.

அன்று மாலைக்குள் எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறைகளையும் செய்து முடித்தேன். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார், அதற்கு ரசீது. நான்கு ஆட்டோ நிறுத்தங்களில் விசாரணை. வண்டி எண் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். பால் பாக்கெட்டின் தேதியைக்கூடப் பார்த்து வாங்குகிற நான் அதைப் பார்க்கவில்லை. கடைசியாக, படிப்பு மையத்து ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். ரெக்கார்டு இல்லாமல் தேர்வில் உட்கார வைக்க முடியாது, அடுத்த முறைதான் எழுத வேண்டும் என்றார். அதற்குள் அந்த டெக்னீஷியன் படிப்புக்கு இந்த வருடச் சேர்க்கை முடிந்துவிடும். நோட்டில் பெயர் இருந்தால் யாராவது கொண்டுவந்து தருவார்களே என்று அவரே ஆறுதலும் சொன்னார். பெயர் போடக் கூடாது என்பதுதானே விதி என்றேன்.

"யார் மேடம் சொன்னது? அது விடைத்தாளுக்கு. ரெக்கார்டுல முதல் பக்கத்துலயே பேர் போடணுமே."

முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள்களோடு வாழ்ந்தவள், உலகத்தில் உள்ள தாள் எல்லாம் விடைத்தாள் என்று நினைத்துவிட்டேன். பெயர் இருந்த பக்கங்கள் என் வீட்டுக் கோப்பில் ஒரு சுருக்கம் விழாமல் இருந்தன. நோட்டுகள்தான் இல்லை.

அமலியிடம் போய்ச் சொன்னேன். சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பயாலஜியுமா?"

ஆமாம் என்றேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் உட்கார்ந்து, ஐஸ் பெட்டியின் மூடியைத் தன் சேலை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி வுடுங்க. வேணும்னேவா பண்ணீங்க?" என்றாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

அன்று வீட்டில் ஆண்டவரிடம் நேரடியாக மன்றாடினேன். இப்போது நினைத்தால் அது மன்றாட்டே இல்லை, முறையீட்டு மனு. பார்வையில் காணும் பொருள் தொடர்பாக என்று ஆரம்பிக்காத குறைதான். ஆட்டோக்காரர் விதியை மீறினார், பைண்டர் சொன்ன நேரத்தில் முடிக்கவில்லை, மையம் சுற்றறிக்கை அனுப்பவில்லை என்று எல்லோருடைய குறையையும் வரிசையாகச் சொன்னேன். மனது கல்லாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, கால் தானாக அந்தோனியார் சுரூபத்திடம் போயிற்று. எனக்கு முன்னால் ஒருவர் தொலைந்த ஓட்டுநர் உரிமத்துக்காக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறை அந்த வரிசை எனக்குச் சிரிப்பாக இல்லை. என் முறை வந்தபோது தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அந்தோனியாரே, தப்பு என்னுடையது. அது அவள் தலையில் விழ வேண்டாம். நோட்டு கிடைத்தால் என் தப்பை எல்லோருக்கும் எழுதிச் சொல்கிறேன்." அவ்வளவுதான். அம்மா இறந்த பிறகு அன்றுதான் அழுதேன். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கல்லாக இருந்தது கொஞ்சம் இளகியிருந்தது.

திங்கட்கிழமை அமலி மூன்று புது நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் மறுபடி எழுத முடியாது, எழுதினாலும் வாத்தியார்கள் மறுபடி கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் எழுதினாள். தவக்காலத்தில் பலர் கறி தொடமாட்டார்கள் என்பதால் மீனுக்குக் கூட்டம் அதிகம். செதில் சீவுவதும், கை கழுவுவதும், இரண்டு வரி எழுதுவதுமாக இருந்தாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன்.

"மார்ஜின் மட்டும் போடுங்க ஆபீசரம்மா. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

போட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, பக்கம் பக்கமாக மார்ஜின் போட்டேன். பணியில் சேர்ந்த முதல் வருடத்துக்குப் பிறகு இப்படி வாய் பேசாமல் சொன்ன வேலையைச் செய்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் நம் வரிசையில் முழு நேரமும் நின்றேன். என்னைப் பார்த்துச் சிலர் ஆச்சரியப்பட்டதைக் கவனித்தேன். நவநாள் ஜெபம் முடிந்து வெளியே வந்தும் ஒரு தகவலும் இல்லை. கிளை அலுவலகத்திலும் கோப்பு நகரவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனாலும் கோபம் வரவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் இறங்கி, மீன் கடை வரிசையில் முதல் கடை போட்டிருந்த லூர்து அக்காவிடம், "எக்கா, உங்கள்ல யார்னா படிக்கிறாங்களா? படம்லாம் வரைஞ்சி?" என்று கேட்டார்.

"படிக்கிறதா? எங்க குப்பத்துக்கு ஒரு கலெக்டரு கீது, அதோ குந்திக்கினு" என்று லூர்து அக்கா கத்தியாலேயே எங்கள் பக்கம் காட்டினாள்.

அவர் கையில் என் துணிப்பை இருந்தது. அமலிக்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார். "நீங்களா? ராங் சைடு மேடம்?" என்றார்.

அமலி எழுந்து பையை வாங்கினாள். முதலில் உயிரியல் நோட்டைத் திறந்தாள். தவளையின் இதயம் இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினாள். அதன் பிறகுதான் மற்ற இரண்டையும் எடுத்தாள். டிரைவர் நடந்ததைச் சொன்னார்.

"பேரும் இல்ல, ஊரும் இல்ல. நம்பரு மட்டும் கீது. ஜெராக்ஸ் கடையில காட்டினா அவனுக்கும் தெரில. யாருன்னு குடுக்கறது? பழைய பேப்பர்ல போட்டுடலாம்னுகூட பாத்தேன் மேடம். எங்க வூட்டுக்காரிதான் மோந்து பாத்துட்டு, அந்துருண்டையத் தாண்டி மீன் வாசனை வருதுய்யா, இது மீன்காரங்க வூட்டு நோட்டு, கஷ்டப்பட்டு எழுதிக்கீதுன்னு சொல்லிச்சு."

பையை ராத்திரி வண்டி துடைக்கும்போதுதான் பார்த்ததால், விட்டது எந்தச் சவாரி என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று பெரும்பாலும் மயிலாப்பூரில் சவாரி ஏற்றியதால், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்துக் குப்பத்தில் போய் விசாரித்திருக்கிறார். திங்கட்கிழமை இன்னொன்றில். இரண்டு இடத்திலும் யாருக்கும் தெரியவில்லை. அத்தோடு விட்டுவிட்டாராம். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி மறுபடி பையை எடுத்து முன்னால் வைத்து, பெசன்ட் நகர் பக்கம் ஒரு குப்பம் பாக்கி இருக்கிறதே, அதையும் பார்த்துவிட்டு வா என்று சொன்னாராம். எத்தனை மணி என்று கேட்டேன். ஆறு, ஆறரை இருக்கும் என்றார்.

ஆறரைக்கு நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அற்புதங்களை நான் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. ஆனால் கோப்புகள் நகரும் விதம் எனக்குத் தெரியும். உத்தரவு செவ்வாய்க்கிழமை ஆகியிருக்கிறது, பட்டுவாடா புதன்கிழமை. நான் வேலை பார்த்த அலுவலகத்தோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத வேகம்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். பெயரை உரிக்கச் சொன்னது நான். வாசனையைப் போக்க அந்துருண்டை போட்டதும் நான். என் முதல் ஆணை நிறைவேறியதால் நோட்டுகள் தொலைந்தே போயிருக்கும். இரண்டாவது ஆணை நிறைவேறாததால் திரும்பி வந்தன. நான் வெட்கப்பட்ட வாசனைதான் விலாசமாக இருந்தது. ஆண்டவர் முதன்முதலில் கூப்பிட்டுத் தம்மோடு சேர்த்துக்கொண்ட ஆட்களும் வலையை அலசிக்கொண்டிருந்த மீனவர்கள்தானே. அவர்கள் மேலும் இந்த வாசனைதான் அடித்திருக்கும். அவர் மூக்கைப் பிடிக்கவில்லை. அந்தோனியாரும் மனிதர்கள் கேட்காதபோது கரையில் நின்று மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். அது இத்தனை வருடம் கழித்து எனக்கு விளங்குகிறது.

அமலி ஐஸ் பெட்டி மூடியில் எழுதுகிற மார்க்கர் பேனாவை எடுத்தாள். மூன்று காக்கி அட்டைகளிலும் தன் பெயரை எழுதினாள். அதன் கீழே ஊரூர் ஒல்காட் குப்பம் என்று இன்னும் பெரிதாக எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். அட்டையில் மார்க்கர் பயன்படுத்தலாமா என்பது குறித்து எனக்கு ஒரு கருத்து இருந்தது. சொல்லவில்லை. அதையும் அந்தோனியாரின் புதுமைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்ப் பக்கங்களைக் கொண்டுவந்து பசை தடவி ஒட்டிக் கொடுத்தேன்.

டிரைவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அமலி அவர் மனைவிக்கென்று நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வெட்டிக் கட்டிக் கொடுத்தாள். கிளம்பும்போது அவர் என்னிடம், வீட்டில் விடட்டுமா என்று கேட்டார். "நேர் வழியிலதான் போவேன் மேடம். சுத்திக்கினு போனாலும் பரவால்ல" என்றார். ஏறிக்கொண்டேன். வழியில் நான் எதுவும் எடுத்துரைக்கவில்லை.

வியாழக்கிழமை மையத்துக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அமலி வந்து சொன்னாள். தேர்வாளர் ரெக்கார்டைத் திறந்ததும் கொஞ்சம் முகத்தைச் சுளித்து, இது என்ன வாசனை என்று கேட்டாராம். நான் மீன் விக்கிறேன் சார் என்று இவள் சொன்னதும், அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பி, அதற்கடுத்த பக்கத்தையும் திருப்பி, தவளைப் படத்தில் நிறுத்தி, இதை யார் வரைந்தது என்று கேட்டிருக்கிறார். வேதியியலில் இவளுக்கு வந்த உப்பு அமோனியம் உப்பு. நான் எதுவும் சேர்க்காமல் எழுதுகிறேன், அவள் சொன்னது இதுதான்: "சூடு பண்ணதும் நம்ம திருக்கை வந்துச்சு ஆபீசரம்மா." சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

தேறிவிட்டாள். இப்போது டெக்னீஷியன் படிப்பில் இருக்கிறாள். காலையில் இன்னமும் மீன் விற்கிறாள். தெர்மோகோல் மூடியில் இப்போது ரத்த அணுக்களின் பெயர்கள் இருக்கின்றன. நான் சங்கரா வாங்கப் போகும்போது அவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு வருகிறேன். திருத்துவதில்லை.

கோயில் வாசலில் இருக்கிற விண்ணப்பப் பெட்டியில் நானும் இதுவரை சீட்டு போட்டிருக்கிறேன். பெயர் எழுதியதில்லை. ஒரு விசுவாசி என்று மட்டும் எழுதுவேன். அதுதான் அடக்கம் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு ஏதாவது தொலைந்திருந்தால், அது பொருளாக இருந்தாலும் மன அமைதியாக இருந்தாலும், தயங்காமல் வந்து கேளுங்கள். யாருடைய தவறு என்பதை மறைக்காமல் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கையில் என்ன வாசனை இருந்தாலும் பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போது நானும் வருகிறேன். வரிசை ஒழுங்காக இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

நன்றியுடன்,
செ. பிலோமினா,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், அடையாறு.